பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரட்டு: கஷ்ட காலத்தில் பிடித்து நிற்க ஒரு பொறுப்பைத் தேடுவது எப்படி?

மலேசியாவில் ரப்பர் தோட்டம் கைமாறி, லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்து, பட்டணத்து மலிவு வீட்டுக்குக் குடிவந்தவர்களிடம் "எதெல்லாம் போச்சு?" என்று கேட்டால் முதலில் சம்பளத்தைச் சொல்வார்கள். அப்புறம் கோயில், அப்புறம் வீட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கை. பெரட்டை, அதாவது விடிகாலையில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பதை, யாரும் சொல்வதில்லை. விடியுமுன் இருட்டில் நின்று, தண்டல் (மேற்பார்வையாளர்) பெயர் வாசிக்கக் குரல் கொடுத்த அந்தச் சில நிமிடங்கள் யாருக்கும் பிடித்ததில்லை. ஆனாலும் அங்கே ஒரு காரியம் நடந்தது. ஒருவர் வரவில்லை என்றால் அது அந்த நிமிடமே தெரிந்தது. அவருடைய மரங்களுக்கு வேறு ஆள் போட வேண்டியிருந்தது.

வேலை போனவருக்கும், துணையை இழந்தவருக்கும், பள்ளி இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் தவறிய பிள்ளைக்கும் பொதுவாக இருக்கும் குறை இதுதான்: காலையில் எழாவிட்டால் கேட்க ஆளில்லை. "வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும்" என்று மேடையில் சொல்கிறவர்கள் எப்படி என்று சொல்லாமலே இறங்கிவிடுகிறார்கள். உட்கார்ந்து யோசித்தால் நோக்கம் கிடைப்பதில்லை. நீங்கள் வராத நாளில் ஒருவருக்குக் குறை தெரிகிற சின்ன வேலை ஒன்றை எடுத்து, விடாமல் செய்துவந்தால், சில மாதங்களில் அதுவே நோக்கமாக முற்றுகிறது. கீழே உள்ளது அதற்கான வழிமுறை.

முதல் வாரம் எதையும் தேடாதீர்கள்

அடி விழுந்த கையோடு "எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தூக்கமில்லாத தலையில் எந்த நோக்கமும் தங்காது.

தூக்கத்தைச் சரிசெய்யப் படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம், எழும் நேரத்தை நிலைநிறுத்துங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்களுக்கு நாலரை மணி விழிப்பு உடம்பிலேயே ஊறியிருக்கும். அதை ஆறு மணிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆறாக இருக்கட்டும். பகல் தூக்கம் அரை மணியைத் தாண்டினால் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு கோப்பி வேண்டாம்.

அடுத்தது கடுதாசிகள். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அடையாள அட்டை நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலைநீக்கக் கடிதம், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வாடகைச் சீட்டு ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். வேலை போயிருந்தால் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) நடத்தும் வேலை காப்புறுதித் திட்டத்தில் 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று அலுவலகம் தட்டச்சு செய்து நீட்டும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், தானாக விலகியவர் என்ற கணக்கில் அந்த உதவி கிடைக்காது. படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். மலாய் புரியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

வங்கிக் கடன் நெருக்கினால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொடுக்கும். ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) வாங்கி வங்கிக்குக் கட்டுவது கூரை ஓட்டையை அடைக்கச் சுவரை இடிக்கிற வேலை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பது, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, பசியும் தூக்கமும் கெடுவது, எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோக்கமில்லாத குறை என்று நினைக்க வேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். "தூக்கம் வரல" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வராமல், "மனசு சரியில்ல, ரெண்டு வாரமா இப்படி இருக்கு" என்று சொல்லுங்கள். மருத்துவர் கேள்விகளைத் திருப்புவது அந்த ஒரு வாக்கியத்தில்தான். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே பேசுங்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999, உயிருக்கு ஆபத்து என்றால் 999. போலீஸ் பிடிக்கும் என்று பயந்து வாய் திறக்காத காலம் ஒன்று இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

நான்கு இரவு, பதினைந்து நிமிடம்

ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் வாட்டிய ஒன்றைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. அந்தக் கால அளவை எடுத்துக்கொண்டு, நோக்கம் தேடுகிறவர்களுக்கு ஏற்றபடி நான்கு கேள்வியாக இங்கே பிரித்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு ஒன்று போதும். முதல் இரவு: என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது. இரண்டாம் இரவு: அதில் எது மிகவும் சுட்டது. (பணம் போனதைவிட, மகளின் முன்னால் மேலாளர் பேசிய விதம் சுட்டிருக்கலாம். அதை எழுதுங்கள்.) மூன்றாம் இரவு: இதற்கு முன் எந்தக் கஷ்டத்தைத் தாண்டினேன், அப்போது காலையில் யாருக்காக எழுந்தேன். நான்காம் இரவு: நான் பத்து நாள் காணாமல் போனால் யாருக்குச் சங்கடம். இந்தக் கடைசிப் பக்கத்தில் ஆள் பெயர்களாகவே எழுதுங்கள், ஏழுக்கு மேல் வேண்டாம். "சமுதாயம்", "இளைஞர்கள்" என்றெல்லாம் எழுதினால் அடித்துவிடுங்கள். சமுதாயம் வந்து கதவைத் தட்டாது.

எழுத்துப் பிழை, வாக்கிய அழகு எதுவும் பார்க்க வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டோடு நின்றவர்கள் கைப்பேசியில் குரலைப் பதிந்துவிட்டு, முதல் மூன்று நாள் பதிவை அழித்துவிடலாம். நான்காம் நாள் பெயர்களை மட்டும் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டால் போதும். கருமாதி முடியாத வீட்டில் இதைச் செய்யக் கூடாது, ஒன்றிரண்டு மாதம் போகட்டும். எழுதும்போது மூச்சு முட்டி, பழைய காட்சி கண்முன் நடப்பதுபோல் வந்தால் நிறுத்திவிடுங்கள். அப்படி வருகிறவர்களுக்கு எதிரில் ஓர் ஆலோசகர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்று வழி, அதில் ஒன்று அடிக்கடித் தவறாகப் போவது

வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்கல் நாஜி வதை முகாம்களில் இருந்து மீண்டவர். வாழ்வுக்குப் பொருள் மூன்று வழியில் வரும் என்றார். ஒன்று, செய்து கொடுப்பது. இரண்டு, ஓர் அழகையோ மனிதரையோ முழுமனதாக ஏற்று அனுபவிப்பது. மூன்று, தவிர்க்கவே முடியாத துன்பத்தின்முன் நாம் எடுக்கும் நிலை.

மூன்றாவதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். "தவிர்க்க முடியாத" என்ற சொல்லை விட்டுவிட்டுப் பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மாற்ற முடிந்த துன்பத்தைச் சுமந்துகொண்டிருப்பதில் பெருமை இல்லை என்பதை ஃப்ராங்கலே அழுத்திச் சொன்னார். முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தால் அதைத் தாங்கிக்கொள்வது மனத்திடம் ஆகாது, தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். அடிக்கிற கணவனும் அப்படியே. பக்கவாதத்தில் படுத்த தாய், வெட்டி எடுத்த கால், திரும்பி வராத மகன் போன்றவைதான் மூன்றாம் வழிக்கு உரியவை. நோட்டில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் மாற்றக்கூடியவை, வலப்பக்கம் மாற்ற முடியாதவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் அலுவலகத்தின் பெயரோ ஓர் ஆளின் பெயரோ இருக்க வேண்டும்.

இரண்டாம் வழியைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க வேண்டாம். உறுமி அடிப்பது, செடி வளர்ப்பது, பேரனோடு ஆற்றங்கரையில் தூண்டில் போடுவது எல்லாம் இதில் வரும். ஆனால் ஓர் ஆளும் ஒரு நேரமும் சேராவிட்டால் கஷ்டம் வரும்போது முதலில் கைவிடப்படுவது இதுதான். அதனால் முதலாவதிலிருந்து தொடங்குவது நல்லது.

வேலையைத் தேர்ந்தெடுப்பது

ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் காவாய் என்றொரு தீவு. அதுவும் தோட்டத் தீவுதான்; கரும்பும் அன்னாசியும் போட்டு, கூலிக்கு ஆள் வரவழைத்த இடம். அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி எனப் பல சுமைகளோடு பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறி வந்தார்கள். அவர்களிடம் காணப்பட்டவற்றில் இரண்டு இங்கே முக்கியம். அக்கறையுள்ள பெரியவர் ஒருவராவது இருந்தார், பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதுபோல் வீட்டுக்கு உண்மையாகவே தேவைப்பட்ட பொறுப்பு ஒன்றும் பலர் கையில் இருந்தது.

ஆகவே நான்காம் இரவுப் பெயர்களில் ஒன்றை எடுத்து, அவருக்கான வேலையை இப்படிச் சலித்துப் பாருங்கள். நீங்கள் வராவிட்டால் அவருக்கு அன்றே தெரியுமா? வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடியுமா? மாதச் செலவு பத்து வெள்ளிக்குள் நிற்குமா? உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையா? நான்குக்கும் ஆமாம் என்றால் எடுத்துக்கொள்ளலாம்.

சுங்கை சிப்புட், பெஸ்தாரி ஜெயா மாதிரி ஊர்களில் இப்படிப்பட்ட வேலைக்குப் பஞ்சமே இல்லை. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு வாரம் இரண்டு மாலை, அரை மணி வாசிப்பு. மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் கிளினிக் முன்பதிவு செய்யத் தெரியாத முதியவருக்கு அதைச் செய்து கொடுத்து, மோட்டாரில் கூட்டிப்போய் வருவது. எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க உதவித்தொகைப் பாரங்களை மலாயில் நிரப்பித் தருவது. ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் போகிறவரின் வீட்டில் அந்தப் பொழுதுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது (மூன்று முறையும் ஏற்காதீர்கள், ஒரு முறை, அதிலும் பாதி நேரம் போதும்). கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது. கோயில் கமிட்டியில் சேருவது இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே நோக்கத்தைவிட வேகமாக முற்றுவது சண்டை.

எதிர்காலத் திட்டமாக எழுதாமல் அடுத்த வியாழக்கிழமை செய்யக்கூடியதாக எழுதுங்கள். 1960இல் அன்றைய அமைச்சர் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தன. லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்தையே வாங்குவது என்ற பெரிய நோக்கம் ஒரு தொழிலாளியின் கைக்கு வந்தபோது அதன் அளவு பங்குப் பணமாகக் கட்டும் மாதம் பத்து வெள்ளி. "நாமே தோட்டம் வாங்குவோம்" என்று முழக்கம் மட்டும் போட்டிருந்தால் கூட்டம் கலைந்ததும் எல்லாம் முடிந்திருக்கும். அடுத்த சம்பள நாளில் செய்ய ஒரு காரியம் இருந்தது.

ஏற்கெனவே வீட்டில் மாமியார், கணவர், மூன்று பிள்ளைகள், போதாததற்குத் தொழிற்சாலை ஷிப்டு என்று சுமக்கிற பெண்ணுக்கு இதைக் கொடுத்து இன்னொரு ஊழியம் ஏற்றக் கூடாது. அவருக்குப் பொறுப்பு குறைவில்லை, கூடுதலாகவே இருக்கிறது. அவர் தேட வேண்டியது இரண்டாம் வழியில்: வாரத்துக்கு இருமுறை, யாரும் கூப்பிடாத நாற்பது நிமிடம். தையலோ, கோலமோ, தோழியோடு நடையோ எதுவானாலும் சரி. அந்த நேரத்துக்குச் சோறு யார் வடிப்பது என்பதை முதலில் பேசி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே நின்றுவிடும்.

நேரம் குறிப்பது

"முடிந்தபோது செய்வேன்" என்பது நடக்காது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே கோத்து வைத்தால் செயல் நழுவாது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990களில் ஆராய்ந்து காட்டினார். வாக்கியத்தை இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், வியாழன் இரவு ஏழரைக்கு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், நோட்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போவேன்." தட்டு கழுவுவது ஏற்கெனவே நடக்கிற பழக்கம். புதியதை அதன் வாலில் கட்டுகிறீர்கள்.

சம்சுவுக்கோ (மலிவுச் சாராயம்) பீருக்கோ கை நீளும் வழக்கம் உள்ளவர் இதை மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வைக்க வேண்டும். காலையில் வைத்தால் நல்ல காரியம் செய்த திருப்தியோடு மாலையில் கடைக்குப் போவார். தினமும் குடித்து, நிறுத்தினால் கை நடுங்குகிறவர் தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, ஆபத்து. கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

மழைக்கும் வாக்கியம் வேண்டும். விடிகாலை மழை பெய்தால் தோட்டத்தில் என்ன செய்தார்கள்? பட்டை நனைந்திருக்கும்போது வெட்டினால் பால் வழிந்து வீணாகும் என்று காத்திருந்து, மழை விட்டுப் பட்டை காய்ந்தபின் தாமதமாகப் போனார்கள். அதேபோல் வேலைக்கு மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். முழுசு: அரை மணி வாசிப்பு. பாதி: ஒரு பக்கம் மட்டும். கொசுறு: போக முடியாத நாளில் "இன்னைக்கு நாற்பதாம் பக்கம் படிச்சு வை தம்பி, வியாழக்கிழமை கேக்கிறேன்" என்று ஒரு குரல்பதிவு. கொசுறும் கணக்கில் வரும். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு நாள் தவறலாம், அடுத்தடுத்து இரண்டு தவறக் கூடாது. தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், அடுத்த முறைக்குக் கொசுறு அளவில் போய் நில்லுங்கள்.

அடிக்கடி செய்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். பால் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தினமும் வெட்டினால் சில நாள் பால் கூடும், பிறகு பட்டை வறண்டு மரமே பால் தராமல் போகும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

எங்கே கெட்டுப்போகிறது

மிக அதிகமாக நடப்பது, நோக்கத்தைப் பிள்ளையின் தலையில் கட்டுவது. "மகன் டாக்டராகணும், அதுக்குத்தான் உயிரோட இருக்கேன்." தேர்வு முடிவு வந்த அன்று இரண்டு பேரும் சேர்ந்து விழுகிறார்கள். மகனோ முடிவுக்கு முன்பே மூச்சுத் திணறிக்கொண்டிருப்பான். அதையே உங்கள் கைக்குள் இருக்கும் செயலாக மாற்றி எழுதுங்கள்: "இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை டிவியை நிறுத்தி, அவன் படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன்." அவன் என்ன ஆனாலும் இதை நீங்கள் செய்து முடித்திருப்பீர்கள்.

சொந்தக்காரர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற வைராக்கியம் ஆரம்பத்தில் நன்றாகவே ஓடும். அவர்கள் பார்க்கவில்லை என்று தெரிந்த நாளில் எண்ணெய் தீர்ந்துவிடும். தொடங்க அது உதவினால் உதவட்டும், அதை நம்பி நிற்க வேண்டாம்.

உதவி பணமாக மாறுவதும் உண்டு. பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப் போய், அதன் அப்பாவின் கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். கூத்துப் பணம் (சீட்டு) பிடிக்கச் சொல்வார்கள். அது 1971இன் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. நேரம் தருவேன், கையெழுத்துத் தர மாட்டேன் என்று முதலிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

பலன் தெரியவில்லை என்று ஆறாம் வாரத்தில் விடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான அளவுகோலை வைத்திருக்கிறார்கள். "சந்தோஷமாக இருக்கிறேனா?" என்று தினமும் கேட்டால் பதில் கசக்கும். ஓர் அடி விழுந்தால் (வாடகை ஏறியது, வேலை நேர்காணல் கைவிட்டது) எத்தனை நாளில் வழக்கமான எழும் நேரத்துக்கும் நாள்காட்டிக் கோட்டுக்கும் திரும்பினேன் என்று எண்ணுங்கள். முன்பு பத்து நாள் ஆனது இப்போது ஆறு என்றால் வேலை செய்கிறது. மூன்று மாதம் கழித்தும் எண் இறங்காவிட்டால் வேலையை மாற்றுங்கள், அல்லது மேலே சொன்ன மனச்சோர்வுக் குறிகளை இன்னொரு முறை பாருங்கள்.

அந்த ஆள் போய்விட்டால்

பையன் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவான். கிளினிக்குக் கூட்டிப்போன பாட்டி ஒருநாள் இறந்துவிடுவார். தொடங்கும்போதே இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் இரண்டாவது முறை பெயர் கூப்பிட ஆளில்லாமல் போவது முதல் முறையைவிடக் கடுமையாகத் தாக்கும். இரண்டு வாரத்துக்குப் புது ஆளைத் தேட வேண்டாம். செவ்வாய், வியாழன் ஏழரை மணியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதே நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கி, தாமானை (குடியிருப்பை) ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், நாள்காட்டியில் கோடு போடுங்கள். இறந்தவர் என்றால் பதினாறாம் நாளுக்கு அவர் வீட்டில் போய் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள், பந்தியில் இலை போடுவதானாலும் சரி. பிறகு பழைய நோட்டை எடுத்து நான்காம் இரவின் பக்கத்தைத் திருப்புங்கள். ஏழு பெயர் எழுதி ஒன்றைத்தானே எடுத்தீர்கள், மற்றவை அங்கேதான் இருக்கும்.